கேளையாடு தண்ணிக்கு வந்த சேதி

பெரக்கரை நாடு,
கொல்லிமலை.
சுபகிருது வருஷம், மாசி மாதம் 12ந் தேதி.

மருமகன் பொன்னனுக்கு உன் தாய்மாமன் சின்னையன் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், உன் அம்மா கண்ணாயி முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி சுகம். நீயும் அந்தக் கோயமுத்தூர்க் காட்டிலாகாப் பள்ளிக்கூடத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் கறுத்துப் போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

முதல் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னேனா இல்லையா? இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று புரட்டாசி மாதமே சொன்னவன் நான் ஒருத்தன்தான். நம் ஊற்றுக்குக் கேளையாடு என்கிற அந்தக் குரைக்கும் மான் திரும்பி வரும் என்றேன். வந்துவிட்டது. குட்டியோடு வந்துவிட்டது. அப்படி நீங்கள் சொல்லவே இல்லை, இனிமேல் இந்த மலையில் மானும் கிடையாது மயிரும் கிடையாது என்றுதான் சொன்னீர்கள் என்று உன் அத்தை சாதிக்கிறாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு என்பது உனக்குத் தெரியும். நான் சொன்னதைக் கேட்ட ஆள் குண்டனி நாட்டில்கூட நாலு பேர் இருக்கிறார்கள்.

இனி எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடத்து அதிகாரியிடம் கொடுக்க வேண்டியது என்பதால் மை தொட்டு நிதானமாக எழுதுகிறேன். நடுவில் பத்து நாளாக என்னைப் பிடித்திருக்கும் இருமல் வந்தால் மட்டும் எழுத்து கொஞ்சம் கோணும்.

உன் கடிதம் புரட்டாசி கடைசியில் வந்தது. காரவள்ளியிலிருந்து தபால்காரர் ஏறி வந்து, மூச்சு வாங்க, என் கையில்தான் கொடுத்தார். ஊரையே கூப்பிட்டு வைத்து நான் உரக்கப் படித்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு இருப்பது இப்படிப்பட்ட நாளில்தான் உதவுகிறது. (மூன்றாம் வகுப்போடு வாத்தியார் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார். மீதி இரண்டு வகுப்பை நானே படித்துக்கொண்டேன்.) ஒரு பிராணி ஓரிடத்தில் தங்கி வாழ வேண்டுமென்றால் தீனி, தண்ணீர், ஒளிந்துகொள்ள மறைவு, நடமாட இடம் என்று நான்கு வேண்டும், நான்கில் எது குறைச்சலோ அதுதான் கணக்கு, மற்ற மூன்றும் மலைபோலக் குவிந்திருந்தாலும் பிரயோசனமில்லை என்று உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். இது எனக்கு முன்னமே தெரியும். நான்கு என்ற எண்ணிக்கை மட்டும்தான் தெரியாது.

பிறகு உன் வேண்டுகோள். ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பக்கம் ஓரிடத்தைச் சொல்லி, அங்கே முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராமல் போன பிராணி எது, ஏன் வரவில்லை, என்ன செய்தால் வரும் என்று செய்து பார்த்து எழுதித் தர வேண்டும் என்றாய். உனக்கு லீவு கிடையாது, ஆகையால் மாமா நீங்கள்தான் என் கண் என்றாய். கூடவே நாற்பது கேள்வி எழுதி அனுப்பியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் ஊருக்கு ரெண்டு தடவை படித்துக் காட்டினேன்.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்த நாலு வரியை மட்டும் நான் ஊருக்குப் படித்துக் காட்டவில்லை. வேலைக்கு எந்த மலை வேண்டும் என்று பங்குனி பத்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குள் பெண்டாட்டி பாவாயி நம் வீட்டுக்குத் திரும்பவில்லை என்றால் ஆனைமலைப் பக்கம் கேட்டு எழுதிவிட்டு அங்கேயே இருந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் சொல்கிறேன். கண்ணாயி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அடியில என்னமோ கோழி கிண்டுன மாதிரி இருக்குதே, அதென்னண்ணா?" என்று கேட்டாள். தபால் ஆபீஸ் முத்திரை என்று சொல்லி மடித்துவிட்டேன். ஒரே பிள்ளை ஆனைமலைக்குப் போய்விடுவான் என்பதை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படிப்பது?

பாவாயி போன கதையை உன் அம்மா உனக்கு எப்படி எழுதச் சொன்னாளோ தெரியாது. நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆடி மாதம் நீ காக்கிச் சட்டை போட்டு எடுத்துக்கொண்ட போட்டோ வந்தது. அவள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சாமை விதைக்க மேட்டுப் புதரைச் சுட்டதற்காக யாரோ ஒரு காட்டிலாகா கார்டு அவள் அப்பன் கருப்பண்ணனின் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு போனது உனக்குத் தெரியாததல்ல. அதே காக்கியில் நீ பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அவள் போட்டோவைச் சாமைப் பானைமேல் சாய்த்து வைத்தாள். தன் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஊற்றைத் தாண்டி அப்பன் வீட்டுக்கு நடந்தாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கோழி மட்டும்தான் கத்தியது.

சரி, மான் சங்கதிக்கு வருகிறேன்.

எந்த இடம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் ஊற்றுதான். முன்னெல்லாம் அந்தப் பக்கம் சாயங்காலமானால் நாய் போலக் குரைக்கும் சத்தம் கேட்கும். புதிதாக வந்தவர்கள் நாய் என்று நினைத்துக் கல் எடுப்பார்கள், கேளையாடு என்று நாம் சொல்லிச் சிரிப்போம். மூன்று வருஷமாக அந்தக் குரலைக் காணோம். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் நான் அந்த ஊற்றைச் சீர்திருத்தினேன் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். சுற்றியிருந்த முட்புதரையெல்லாம் வெட்டி, வேரோடு எடுத்து, கல் அடுக்கி, பார்த்தால் கோயில் குளம்போல ஆக்கிவிட்டேன். இப்படி ஓர் ஊற்று இந்த மலையிலேயே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆரம்பித்து வைத்தது நான்.

உன் கேள்வித்தாளில் முதல் கேள்வி, தண்ணீருக்கு என்னென்ன வருகிறது என்று தடம் பார்த்து எழுது என்பது. தடம் பதிய மண் மெத்தென்று இருக்க வேண்டும் என்றாய். நான் அதைவிட மேலான வேலை செய்தேன். எட்டு வீட்டு அடுப்புச் சாம்பலைக் கூடையில் வாரிக் கொண்டுபோய் ஊற்றைச் சுற்றிப் பட்டுத்துணி விரித்த மாதிரி பரப்பினேன். பத்து நாள் போய்ப் பார்த்தேன். ஒரு ஓணான் தடம்கூட இல்லை. காடு காலியாகிவிட்டது, போட்டது போட்டபடி எல்லாம் வடக்கே போய்விட்டன என்று உனக்குக் கடிதமே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பதினோராம் நாள் பாவாயி குடத்தோடு வந்தாள். அப்பன் வீட்டுக்கும் அதே ஊற்றுத்தானே. முறைக்கு என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவள், கோபம் உன்மேல்தானே தவிர என்மேல் இல்லை. சாம்பலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க சித்தப்பா, அடுப்புச் சாம்பலைக் கொட்டி வெச்சா காடு பத்திக்கிச்சுன்னு நெனச்சு ஓடாதுங்களா? உங்களுக்கே அந்த வாடைக்குத் தும்மல் வருது, அதுக்கு மூக்கு இல்லீங்களா?" என்றாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். மறுநாள் அந்தச் சாம்பலையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு, புற்றுமண்ணை இடித்துச் சலித்துப் பரப்பினோம். பரப்பினேன் என்று எழுத வேண்டும். அவளும் கூட இருந்தாள்.

புற்றுமண் போட்ட ரெண்டாம் நாளே தடமான தடம். நான் உட்கார்ந்து எண்ணி நாற்பத்திரண்டு கேளையாடு என்று குறித்துக்கொண்டேன். உன் அதிகாரி இதைப் பார்த்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார் என்று நினைத்தேன். பாவாயி குனிந்து பார்த்துவிட்டு, "நாப்பத்திரண்டும் உங்க ஆடுதாங்க" என்றாள். ஆட்டுக்குளம்பு முனை மழுங்கி இருக்குமாம், கேளையாட்டுக் குளம்பு சின்னதாக, ரெண்டு விதையைச் சேர்த்து வைத்த மாதிரி, முனை கூராக இருக்குமாம். அதற்குள் என் ஆடே வந்து அவள் பேச்சுக்குச் சாட்சி சொல்வதுபோல அந்த மண்ணில் நடந்து காட்டிவிட்டுப் போனது. ஆகையால் நாற்பத்திரண்டை அடித்துவிட்டேன். நீ எங்கேயும் எழுதிவிடாதே.

அப்புறம் நான்கு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். தீனி உண்டா? நெல்லியும் அத்தியும் கீழே உதிர்ந்து, தின்ன ஆளில்லாமல் அழுகிக் கிடக்கிறது. தண்ணீர் உண்டா? வற்றாத ஊற்று. இடம் உண்டா? மேலே சோலை ஆரம்பித்தால் எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது. மிச்சம் மறைவு. நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தேன். சோலை ஓரத்திலிருந்து ஊற்றுவரை, கால் எட்டி வைத்தால் அறுபது எட்டு தூரம், உள்ளங்கை மாதிரி வெட்டவெளி. பாவாயி அந்த வெளியையே பார்த்துக்கொண்டு, "ஒளிய எடமில்லீங்களே. நீங்கதான் செரைச்சு உட்டுட்டீங்களே" என்றாள். பொன்னா, அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனுஷனுக்கு அது சரி. மானிடம் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மானிடம் கேட்கவில்லை என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒரு மானைப் பத்தி நாப்பது கேள்வி எழுதிக் கேட்டிருக்குது உங்க மருமவன். அது எங்க ஒதுங்குது, எதைத் திங்குது, எதுக்குப் பயப்படுதுன்னு. எங்கிட்ட ஒண்ணு கேட்டுதுங்களா? வேலைக்குப் போவட்டுமான்னு ஒரு வார்த்தை? சட்டையைத் தெச்சு மாட்டிக்கிட்டு போட்டோதான வந்துது." நான் கொஞ்சம் சமாதானமாக, அவன் வீட்டில் உனக்கு எது கண்ணு குறைச்சல், தீனியா தண்ணியா என்று, அந்தப் பாடத்தையே வைத்துக் கேட்டேன். "நானென்ன மானுங்களா சித்தப்பா?" என்றாள். சொல்லிவிட்டுக் குடத்தோடு போய்விட்டாள்.

ஆக அவள் கோபம் காக்கிமேல் என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். பாதிதான் சரி. மீதிப் பாதியை மேலே எழுதிவிட்டேன், திரும்ப ஒரு தடவை படித்துக்கொள்.

இனி என்ன செய்தோம் என்பதை உன் அதிகாரிக்காக எழுதுகிறேன். வைத்தியம் மூன்று. ஒன்று, சோலை ஓரத்திலிருந்து ஊற்றுவரை நான் வெட்டிய இடத்தில் புதர் திரும்ப வளர வேண்டும். வளரும்வரை முட்கிளைகளை வெட்டி இடைவிட்டு இடைவிட்டுக் குவித்துப் போட்டோம், அதன் நடுவில் புல்லும் கொடியும் ஏறட்டும் என்று. ரெண்டு, அந்தப் பக்கம் ஆடு மாடு போகாமல் படல் கட்டினோம். என் ஆட்டுக்கும் சேர்த்துத்தான். மூன்றாவதுதான் பெரும்பாடு. விடிந்தால் அடைந்தால் பெண்டுகள் குடத்தோடு நிற்கும் இடத்தில் எந்த மான் வந்து குடிக்கும்? ஆகையால் மேல் ஊற்றை அதற்கு விட்டுவிட்டு, வழிகிற தண்ணீரை மூங்கில் பிளந்து வைத்துக் கீழே பாறைக்கு இறக்கி, மனுஷர் அங்கே பிடித்துக்கொள்வது என்று நான் ஒரு திட்டம் சொன்னேன்.

ஊர் கூடியது. கருப்பண்ணன் எழுந்தான். "காட்டை எடுத்துக்கிட்டாங்க. எங்கொடுவாளை எடுத்துக்கிட்டாங்க. இப்பத் தண்ணியையும் மானுக்குக் குடுக்கோணுமா? உங்க மருமவன் பரீச்சை பாசாவறதுக்கு எம்மவ இன்னும் நூறு எட்டு எறங்கி ஏறோணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான் சாமி. உன் மாமனார் என்பதற்காக நான் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்து எழுந்து நின்றேன். பெண்டுகள் பக்கத்திலிருந்து பாவாயிதான், "நாம கீழ மூங்கில் வெச்சுப் புடிச்சுக்கலாமப்பா. அதுக்கு மூங்கில் வெக்கத் தெரியாதுல்ல" என்றாள். கருப்பண்ணன் மகளைப் பார்த்தான். மூங்கிலைப் பிளக்க எங்கிட்டத்தான் கொடுவாள் இல்லையே என்றான். என்னுடையதைக் கொடுத்தேன். அன்றைக்கே ஒன்பது மூங்கில் பிளந்தான். அவன் கைநேர்த்தி வேறு யாருக்கும் வராது. போகும்போது, "உங்க மருமவன் வந்தான்னா மொதல்ல எங்கொடுவாளைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்க, அப்பறம் மானை எண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வந்தான்னா என்றுதான் சொன்னான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை என்ன தெரியுமா? ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஐப்பசி கார்த்திகை மழையில் புல் இடுப்புவரை வந்தது, கொடி முட்குவியல்மேல் ஏறிப் படர்ந்தது. எனக்குக் கை பரபரக்கும், ஓரத்தையாவது கொஞ்சம் கொத்திவிட்டால் அழகாக இருக்குமே என்று மண்வெட்டியோடு போவேன். பாவாயி படலுக்கு அந்தப் பக்கம் நின்று, "வெச்சுட்டுப் போங்க சித்தப்பா" என்பாள். வைத்துவிட்டு வருவேன். சும்மா இருப்பதில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது என்பதை அந்த ரெண்டு மாதத்தில் நிரூபித்துவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் காட்டுக்கோழித் தடம். மார்கழியில் முள்ளம்பன்றி, ஒரு முள்ளைக்கூட விட்டுப் போயிருந்தது, உன் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். கரடி ஒன்று வந்தது, யானை அளவு இருக்கும். தடத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், அது கொஞ்சம் சறுக்கி அகலமாக விழுந்த தடம் என்பதையும் சேர்த்துக்கொள். தை பிறந்து எட்டாம் நாள், புற்றுமண்ணின் ஓரத்தில், ரெண்டு விதையைச் சேர்த்து வைத்த மாதிரி ஒரே ஒரு குளம்படி. தண்ணீர்வரை வரவில்லை. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அடுத்த வாரம் ரெண்டு எட்டு கூட வந்திருந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை, யாரும் சத்தம் போடவில்லை.

இனி நேரில் பார்த்த சங்கதி. மாசி ஒன்பதாம் தேதி காலை. கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும் என்று நீ கோடு போட்டு எழுதியிருந்தாய், ஆகையால் கண்டபடி எழுதுகிறேன். சூரியன் இன்னும் மேட்டுக்கு மேல் வரவில்லை. கீழ்ப்பக்கத்துப் புதருக்குள், வயிறு மண்ணில் பட, கவிழ்ந்து படுத்த படுக்கை. காற்று முகத்தில் அடிக்கிறது, அதாவது நம் வாடை அதற்குப் போகாது. முதலில் கொடிக்குள் ஒரு இலை தனியாக ஆடியது. இலை இல்லை, காது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, கீழே வைக்காமலே நின்றது, வைக்கலாமா என்று மண்ணைக் கேட்கிற மாதிரி. வைத்தது. செம்மண் நிறம், நெற்றியில் கறுப்பாக ரெண்டு கோடு. தண்ணீருக்கு வந்து தலையைக் குனிந்தபோது பின்னாலேயே குட்டி. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. குட்டி தண்ணீரில் மூக்கை வைத்து, சில்லென்று பட்டதும் துள்ளிப் பின்னால் போய்விட்டது. தாய் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தது. பயப்பட இங்கே ஒன்றும் இல்லை என்று குட்டிக்குக் காட்டுவதற்காகவே குடிக்கிற மாதிரி இருந்தது. எண்ணினால் முப்பத்தொரு மிடறு. அதற்குள் குட்டி மறுபடி வந்து, தாயின் வயிற்றை ஒட்டி நின்று, தானும் குடித்தது. போகும்போது தாய் மான் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. அதை மட்டும் வேண்டுமானால் நீ விட்டுவிடு, அதிகாரிகள் நம்ப மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரைப்புச் சத்தம் கேட்டது. உன் அம்மா சமைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். "பொன்னன் இருந்தா இன்னேரம் ஓடியிருப்பான்" என்றாள். திரும்ப உள்ளே போனபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

இவ்வளவும் எழுதி, உன் பரீட்சை விஷயம் முடிந்தது என்று பேனாவை மூடி வைத்தேன். நேற்று முழுக்க மூடியே வைத்திருந்தேன். இன்றைக்குத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

பாவாயி உன்னைப் பற்றிக் கேட்டாளா என்றுதான் நீ இந்தக் கடிதத்தைப் பிரித்த நேரத்திலிருந்து தேடிக்கொண்டு வந்திருப்பாய். கேட்டாள் என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கண்ணில் தண்ணியோடு கேட்டாள் என்றுகூட எழுதுவேன், கை துடிக்கிறது. கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனைமலை சங்கதியை நானும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து வருவாள். விரட்டி வந்தது எதுவும் ஓரிடத்தில் தங்காது என்று உன் பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் கடிதத்தில் முக்கியமான ஒன்றை நான் ஜோடித்து எழுதிவிட்டேன். கேளையாட்டை நான் பார்க்கவில்லை. இருமுகிறவன் புதருக்குள் படுத்தால் எந்த மான் வரும்? சூரியன் வருமுன் வெளியே காலை வைக்க உன் அத்தை என்னை விடுவதும் இல்லை. பார்த்தது பாவாயி. மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு நாள் தவறாமல், விடிகிற நேரத்துக்கு, பனி கொட்டுகிற மண்ணில் அவள்தான் கவிழ்ந்து படுத்திருந்தாள். அந்த முப்பத்தொரு மிடறும் அவள் எண்ணியது. உன் நாற்பது கேள்வியையும் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இதில் பதில் என்று இருப்பதெல்லாம் அவள் பதில்.

ஒன்பதாம் தேதி காலை ஓடி வந்தாள். அப்பன் வீட்டுக்கு ஓடவில்லை. நம் வாசலுக்கு ஓடி வந்தாள், ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. முழங்கையெல்லாம் சேறு, தலையில் ஒரு காய்ந்த இலை. "வந்துது சித்தப்பா, குட்டியோட வந்துது" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். சத்தம் கேட்டுக் கண்ணாயி வெளியே வந்தாள். மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாயி கிட்டே போய் அந்த இலையை எடுத்துப் போட்டாள், உள்ளே போய்க் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "நான் பாத்தேன்னு எழுதக் கூடாதுங்க. நீங்க பாத்த மாதிரி எழுதிக்குங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெருமையை எடுத்துக்கொள் என்று சொன்னால் வேண்டாம் என்கிற ஆளா நான்? சந்தோஷமாகச் சத்தியம் செய்தேன். இப்போது உடைத்துவிட்டேன். என் கண் பார்த்தது என்று நினைத்துக்கொண்டே நீ ஆனைமலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாவம் எனக்குத் தீராது.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வழக்கப்படி பெரிதாக்கிவிடுவேன்.

அதனால் சாமி, உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பங்குனி பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு கடிதம் எழுது, எனக்கு அல்ல, பாவாயிக்கு. நாற்பது கேள்வி வேண்டாம். எந்த மலை என்று அவளைக் கேள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆகையால் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். நீ எழுதியது எதுவோ அதை அப்படியே படிக்கிறேன் கண்ணு. ஒரு எழுத்துகூடச் சேர்க்க மாட்டேன்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
மாமன் சின்னையன்.